ஓர் அணியின் அத்தனை கையொப்பங்களும்: புளூ ஜேஸ் ரசிகருக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

1992 ஒக்டோபர் 24ஆம் திகதி ஆட்டம் அட்லாண்டாவில் பதினொரு இன்னிங்ஸ் வரை நீண்டு முடிந்தபோது, பேஸ்போல் உலகத் தொடரின் வெற்றிக் கிண்ணம் முதன்முறையாக அமெரிக்காவை விட்டு வெளியே வந்தது. அந்த ரொறன்ரோ புளூ ஜேஸ் அணியைப் பற்றிப் பேச்செடுத்தால் இங்கே யாரும் மூச்சுவிடாமல் பத்துப் பெயர் சொல்லுவார்கள். ரொபேர்ட்டோ அலோமார், ஜோ கார்ட்டர், டேவ் வின்ஃபீல்ட், ஜாக் மொரிஸ், ஜோன் ஒலரூட், பட் போர்டர்ஸ் என்று போகும் அந்த வரிசை. பத்தோடு பேச்சு நின்றுவிடும். ஆனால் அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்திலாவது களமிறங்கியவர்கள் நாற்பது பேரளவில் இருக்கிறார்கள். மைக் மக்சூடியன், எடி சொஸ்கி, ரிக்கி டிர்லிசெக், டொம் குயின்லன் என்ற பெயர்களைக் கேட்டால் பழைய ரசிகர்களும் நெற்றியைச் சுருக்குவார்கள்.

ஓர் அணியின் எல்லாக் கையொப்பங்களையும் சேர்க்க விரும்புகிறவர் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். நட்சத்திரங்களின் கையொப்பத்தைப் பணம் கொடுத்தால் ஒரே பிற்பகலில் வாங்கிவிடலாம். கண்காட்சிகளுக்கு வருகிறார்கள், கடைகளில் கிடைக்கின்றன. ஒரு மாதம் வந்து ஆடிவிட்டுப் போனவரின் கையொப்பத்தை யாரும் விற்பதில்லை, ஏனென்றால் யாரும் வாங்குவதில்லை. சேகரிப்பு முடிவதும் பாதியில் நிற்பதும் அவர்களிடம்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் சொல்வதெல்லாம் பட்டியலின் அடியிலிருந்து மேலே போவதற்கான வழி.

எல்லையைப் போடுங்கள்

"புளூ ஜேஸ் வீரர்கள் அனைவரும்" என்று தொடங்காதீர்கள். 1977 ஏப்ரல் 7ஆம் திகதி, பனி கொட்டிய எக்ஸிபிஷன் மைதானத்தில் சிகாகோ வைட் சொக்ஸ் அணியை 9-5 என்று வென்ற நாளிலிருந்து இன்றுவரை இந்த அணிக்கு ஆடியவர்கள் பல நூறு பேர். தொடக்கத்திலேயே அவ்வளவு பெரிய மலையை நிமிர்ந்து பார்த்தால் கை ஓய்ந்துவிடும். ஒரு பருவத்தை எடுங்கள். 1992 அல்லது 1993 நல்ல தெரிவு: வீரர்களின் படம் தாங்கிய பேஸ்போல் அட்டைகள் ஏராளமாக அச்சான காலம், மலிவாகக் கிடைக்கும், அந்த வீரர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார்கள். இப்போதைய அணிதான் பிடிக்கும் என்றால் அதுவும் சரி. ஆட்டத்துக்குத் தயாராக இருக்கும் 26 பேரையும், ஒப்பந்தத்தில் உள்ள 40 பேரையும் வேறுபடுத்திப் பார்த்து, எது உங்கள் எல்லை என்று தீர்மானியுங்கள்.

அதோடு சில வழக்குகளுக்கு முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வைக்க வேண்டும். ஜெஃப் கென்ட் 1992இல் இங்கே தொடங்கி, அதே ஆண்டு ஓகஸ்டில் டேவிட் கோனுக்கு மாற்றாக நியூயோர்க் மெட்ஸுக்குப் போனவர். வெற்றிக் கொண்டாட்டத்தில் அவர் இல்லை. பட்டியலில் இருக்கிறாரா? என் கணக்கில் இருக்கிறார், ஆடியவர் ஆடியவர்தான். ரொறன்ரோவில் பிறந்த ஜோயி வொட்டோ 2024இல் புளூ ஜேஸ் அமைப்பில் சேர்ந்து, அதன் கீழ்நிலை அணியான பஃபலோவோடு இருந்தபோதே ஓய்வை அறிவித்தார். முதன்மை அணிக்கு ஓர் ஆட்டமும் ஆடவில்லை. மனம் எவ்வளவு விரும்பினாலும் அவரை நான் பட்டியலில் சேர்க்கவில்லை, தனியாக வைத்திருக்கிறேன். அணி மேலாளர் சீட்டோ காஸ்டனும் பயிற்சியாளர்களும் எண்ணிக்கையில் வருவார்களா என்பதையும் முடிவு செய்யுங்கள். இவற்றை ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். பாதி வழியில் ஒரு பெயர் கிடைக்கவில்லை என்பதற்காக விதியை மாற்றத் தோன்றும். அப்போது அந்தப் பக்கம் தடுக்கும்.

பட்டியல் தயாரித்தல்

பேஸ்போல் ரெஃபரன்ஸ் இணையத்தளத்தில் எந்தப் பருவத்தின் பக்கத்தைத் திறந்தாலும் துடுப்பாடியவர்கள், பந்து வீசியவர்கள் என்று முழு வரிசையும் இருக்கும். ஓர் அட்டவணையில் அதை இறக்குங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஆட்ட எண்ணிக்கை, பிறந்த ஆண்டு, அட்டை இருக்கிறதா, கடிதம் அனுப்பிய நாள், பதில் வந்த நாள் என்று கட்டங்கள் போதும்.

இனி வரிசையை மாற்றுங்கள். வயதில் மூத்தவர்கள் முதலில், அடுத்து மிகக் குறைவாக ஆடியவர்கள், நட்சத்திரங்கள் கடைசியில். மூத்தவர்களுக்கு முதலிடம் ஏன் என்பதை நான் கற்றது கசப்பாகத்தான். 1977இன் அந்த முதல் ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன் அடித்த டக் ஓல்ட் 2004இல் இறந்துவிட்டார். டொனி ஃபெர்னாண்டஸ் 2020இல். 1993இல் நாற்பத்து நான்கு ஆட்டங்களுக்கு மட்டும் வந்து வெற்றியில் பங்கெடுத்த ரிக்கி ஹென்டர்சன் 2024 டிசம்பரில். றோய் ஹாலடே நாற்பது வயதில், 2017இல், விமான விபத்தில் போனார். பிறகு எழுதலாம் என்று தள்ளி வைத்த கடிதங்கள் சிலவற்றை நான் எழுதவே முடியாமல் போனது.

எதில் வாங்குவது

எல்லோரும் ஒரே பந்தில் கையொப்பமிட வேண்டும் என்ற ஆசை புதியவர்களுக்கு வரும். நாற்பது பேருக்கு ஒரு பந்தில் இடம் போதாது. அதைவிட முக்கியமாக, நாற்பது தடவை தபாலில் போய் வரும் பொருள் ஒரு தடவை தொலைந்தால் முன்னே கிடைத்தவை அனைத்தும் தொலைந்த மாதிரி. ஆளுக்கு ஓர் அட்டை என்பதுதான் பாதுகாப்பு.

புளூ ஜேஸ் சேகரிப்பாளருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஒன்ராறியோவின் லண்டன் நகரிலிருந்த ஓ-பீ-சீ நிறுவனம், அமெரிக்காவின் டொப்ஸ் நிறுவன அட்டைகளின் கனடியப் பதிப்பை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வெளியிட்டு வந்தது. பருவத்துக்கு இடையில் அணி மாறியவர்களின் அட்டையில் "இப்போது இந்த அணியில்" என்று ஒரு வரி அச்சிடுவார்கள். பழைய அணியின் படத்தோடு ரொறன்ரோ பெயர் தாங்கிய அந்த அட்டைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. இன்னொன்று, 1984 முதல் ஒன்ராறியோவில் தீயணைப்புத் துறையினர் சிறுவர்களுக்குக் கொடுத்த தீத்தடுப்பு அட்டைகள். பின்பக்கத்தில் தீ தொடர்பான அறிவுரை இருக்கும். மற்ற நிறுவனங்கள் கண்டுகொள்ளாத மாற்று வீரர்களும் பயிற்சியாளர்களும் அதில் இடம்பெற்றார்கள். பழைய பொருள் சந்தைகளில் கட்டாகக் கிடைக்கும், விட்டுவிடாதீர்கள்.

தாளைத் தடவிப் பாருங்கள். மினுமினுப்பு இல்லாத அட்டையில் மை நன்றாக ஊறும். பளபளப்பான அட்டையில் மை முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், விரல் பட்டால் இழுபடும். அப்படிப்பட்ட அட்டைதான் கையில் இருக்கிறது என்றால், கையொப்பம் வரும் இடத்தில் குழந்தைப் பவுடரை மெல்லத் தேய்த்து, மெல்லிய துணியால் துடைத்துவிட்டு அனுப்புங்கள்.

அட்டையே வராத வீரருக்கு இரண்டு வழிகள் உண்டு. மூன்றுக்கு ஐந்து அங்குல வெற்று அட்டை எப்போதும் செல்லும், பழைய சேகரிப்பாளர்கள் முழுக்க முழுக்க அதிலேயே வாங்கியிருக்கிறார்கள். அல்லது மினுமினுப்பற்ற தாளில் நீங்களே ஓர் அட்டை வடிவமைத்து அச்சிடலாம். அப்படிச் செய்தால் இரண்டு அச்சிட்டு, ஒன்றை அவரே வைத்துக்கொள்ளும்படி எழுதுங்கள். தன் பெயரில் ஓர் அட்டையும் இல்லாத மனிதருக்கு அது என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஃபில் நீக்ரோ மாதிரியான சிக்கலும் வரும். 318 வெற்றிகளோடு புகழ்மாடத்தில் இடம்பெற்றவர், ஆனால் 1987இல் ரொறன்ரோவுக்காக மூன்றே மூன்று ஆட்டங்களில் பந்து வீசினார். அவருடைய அட்லாண்டா அட்டையை ஏற்பதா, வெற்று அட்டையைத் தேடுவதா என்பது உங்கள் முதல் பக்க விதிக்குள் வர வேண்டியது.

பேனை

அட்டைக்கும் புகைப்படத்துக்கும் நீல நிற மெல்முனை ஷார்பி மார்க்கர். பந்துக்கு நீல நிறக் குமிழ்முனைப் பேனை. இந்த இரண்டையும் மாற்றிவிடக் கூடாது. என்னிடம் ஒரு பந்து இருக்கிறது. அவசரத்தில் கைக்கு அகப்பட்ட மார்க்கரை நீட்டினேன், வீரர் அழகாக முழுப் பெயரையும் எழுதித் தந்தார். அன்று கோடுகள் கூர்மையாக இருந்தன. பத்து ஆண்டுகள் கழித்து இப்போது ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் ஊதா நிற வளையம். தோலுக்குள் மை பரவிக்கொண்டே இருக்கிறது. ஆங்கில 'e' போன்ற எழுத்துகளின் சிறிய வளைவுகள் அடைபட்டுப் புள்ளிகளாகிவிட்டன. அதைத் திருத்த வழி கிடையாது.

கறுப்பு மை அச்சோடு கலந்து போகும், பிரதியெடுத்தது போலவும் தெரியும். நீலம்தான் நல்லது. பந்தில் தையல்கள் நெருங்கி வரும் குறுகிய இடத்தை "இனிய இடம்" என்பார்கள். தனி ஒருவரின் பந்தென்றால் அங்கேதான் வாங்க வேண்டும். அணி முழுவதும் எழுதும் பந்தில் அந்த இடத்தை மரபாக அணி மேலாளருக்கு விட்டு வைப்பார்கள்.

தபால் வழி

உங்கள் பட்டியலின் பெரும்பகுதி நிறைவது இதில்தான், ஆகவே இதைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

ஓர் உறைக்குள் மூன்று பொருள்கள் போக வேண்டும்: கடிதம், அட்டை, உங்கள் முகவரி எழுதி முத்திரை ஒட்டிய மறு உறை. அட்டைகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஐந்து, ஆறு அனுப்புகிறவரை வீரர் வியாபாரி என்றே எண்ணுவார்.

கடிதம் ஒரு பக்கம், கையால் எழுதியது. முதலில் நீங்கள் யார், எங்கிருந்து எழுதுகிறீர்கள் என்று ஒரு வரி. அடுத்து அவரைப் பற்றி, அவரை மட்டும் பற்றி, ஒரு செய்தி. இதற்காகத்தான் ஆட்டப் பதிவுகளைத் தேட வேண்டியிருக்கிறது. அல் லைட்டர் 1992இல் ஒரே ஓர் ஆட்டத்தில் தோன்றி, அடுத்த ஆண்டு உலகத் தொடரிலேயே பந்து வீசினார் என்பது இப்படிப் பார்க்கும்போதுதான் கண்ணில் படும். றான்ஸ் மலினிக்ஸ் பத்து ஆண்டுகளுக்கு மேல் இந்த அணிக்கு ஆடியவர், அணி வென்ற ஆண்டில் காயத்தால் சில ஆட்டங்களே அவருக்குக் கிடைத்தன. "நான் உங்கள் தீவிர ரசிகன்" என்ற வரியை அவர்கள் ஆயிரம் தடவை படித்திருப்பார்கள். தன் முதல் ஹிட் எந்த ஊரில், யாருடைய பந்தில் வந்தது என்று முப்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் தேடிக் கண்டுபிடித்து எழுதுவதை அடிக்கடி படித்திருக்க மாட்டார்கள். கடைசி வரியில் கேளுங்கள், நன்றி சொல்லுங்கள். திரு என்று விளித்து எழுதுவது மூத்தவர்களுக்குப் பொருந்தும்.

நீங்கள் அணியின் முழுப் பட்டியலையும் சேர்க்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். என் அனுபவத்தில் பதில்களைக் கொண்டுவந்த வரி அதுதான். ஒருவர் கையொப்பத்துக்குக் கீழே தன் சட்டை எண்ணையும், பட்டியலில் தான் எத்தனையாவது ஆள் என்ற கேள்வியையும் எழுதி அனுப்பினார். முப்பத்தொன்று என்று பதில் எழுதினேன்.

முத்திரையில்தான் கனடாவில் இருப்பவர்கள் அதிகம் தவறுகிறார்கள். வீரர் அமெரிக்காவில் இருந்தால் மறு உறையில் கனடிய முத்திரை செல்லாது. அங்கிருந்து இங்கே வருவதற்கு அமெரிக்கத் தபால் சேவையின் சர்வதேச முத்திரை வேண்டும். வட்ட வடிவில் இருக்கும், ஒன்று ஒட்டினால் ஒரு அவுன்ஸ் வரையான கடிதம் எந்த நாட்டுக்கும் போகும், விலை ஏறினாலும் செல்லுபடியாகும். எல்லை தாண்டி பஃபலோ பக்கம் போகும்போது இருபது, முப்பது வாங்கி வைத்துவிடுங்கள். புளூ ஜேஸ் என்பதால் அணி கனடாவில்தான் என்று எண்ணி, பெப்ரவரியில் கனடிய முத்திரையோடு அனுப்பினால் அந்தக் கடிதம் வீண். அந்த மாதம் அணி முழுவதும் புளோரிடாவில் இருக்கும்.

கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் அட்டையை வைத்து அனுப்பாதீர்கள். சாதாரணக் கடிதத்தின் தடிப்பு கனடாவில் ஐந்து மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும், மீறினால் கட்டணம் கூடும். காலை உணவுப் பெட்டியின் அட்டையை வெட்டி இருபுறமும் வைத்தால் போதும். மறு உறை சற்றுச் சிறியதாக இருந்தால் மடிக்காமல் உள்ளே போகும்.

முகவரி? இப்போது ஆடுகிறவர்களுக்கு மைதானத்தின் முகவரி, பயிற்சிக் காலத்தில் அந்த அரங்கின் முகவரி. ஓய்வு பெற்றவர்கள் பலர் இன்று எங்கோ பயிற்சியாளராகவோ கல்லூரி அணியோடோ தொடர்பில் இருப்பார்கள். அந்த அலுவலக முகவரிக்கு எழுதுவதுதான் முறை. வீட்டு வாசலுக்குப் போவது, குடும்பத்தாரைத் தேடிப் பிடிப்பது இவையெல்லாம் கூடவே கூடாது. கடிதத்துக்குப் பதில் தராமலிருக்க அவருக்கு முழு உரிமை இருக்கிறது. சிலர் ஒரு சிறு தொகையோ, ஏதாவது அறக்கட்டளைக்கு நன்கொடையோ கேட்பார்கள். அதில் தவறொன்றும் இல்லை, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பதில் பத்து நாளில் வரலாம், இரண்டு ஆண்டு கழித்தும் வரலாம். உங்கள் சொந்தக் கையெழுத்தில் உங்கள் பெயர் எழுதிய உறை தபால்பெட்டியில் கிடக்கும். ஒரு கணம், இதை யார் அனுப்பியது என்று தோன்றும். மேலே அமெரிக்காவின் ஏதோ ஒரு ஊரின் தபால் முத்திரைக் குறி. விரலால் அழுத்தினால் உள்ளே அட்டை இருப்பது தெரியும். பதற்றத்தில் உறையைக் கிழிக்காமல் ஓரத்தைக் கத்தரித்துத் திறவுங்கள். அந்த உறையையும் அட்டையோடு சேர்த்து வைப்பது என் வழக்கம். எங்கிருந்து, எப்போது வந்தது என்பதற்கு அதுவே சான்று.

நேரில்

சொந்த மைதானமான ரொஜர்ஸ் சென்டரில் புளூ ஜேஸ் அணி அமரும் பகுதி மூன்றாம் பேஸ் பக்கம். கதவு திறந்ததும் போய், அந்தக் கோட்டோரத் தடுப்புச் சுவரில் இடம்பிடியுங்கள். பேனையின் மூடி கழற்றியிருக்க வேண்டும், அட்டை கையில் தயாராக இருக்க வேண்டும். வீரரின் பெயரைச் சரியாகச் சொல்லி அழையுங்கள். கூட்டத்தில் எல்லோரும் கத்தும்போது தன் பெயரைச் சரியாகச் சொன்னவரின் பக்கம்தான் அவர் திரும்புவார். சிறுவர்களுக்கு வழிவிடுங்கள். ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்கினால் கேட்காதீர்கள்.

பெரிய மைதானத்தில் ஒரு நாள் முழுக்க நின்று ஒன்று கிடைத்தால் நல்ல நாள். அதைவிட எளிய வழி பஃபலோ. 2013 முதல் அந்த ஊரின் பைசன்ஸ் அணி புளூ ஜேஸின் கீழுள்ள முதல் படி. ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணிநேர ஓட்டம். நாளைக்கு முதன்மை அணிக்கு அழைக்கப்படப் போகிறவர் இன்று அங்கே தடுப்புக்கு அந்தப் பக்கம் மூன்றடி தூரத்தில் நிற்கிறார். ஒரு வாரம் மேலே போய்த் திரும்புகிறவர்களை, அதாவது பின்னாளில் உங்களுக்குத் தலைவலியாகப் போகிறவர்களை, முன்கூட்டியே பிடித்துவிடலாம். இளம் வீரர்கள் பெயரை முழுதாக எழுதுவார்கள். புகழ் வந்தபின் அதே கையொப்பம் இரண்டு கிறுக்கலாகச் சுருங்கும்.

வசதியிருந்தால் ஒரு மார்ச் மாதம் புளோரிடாவின் டனீடனுக்குப் போங்கள். 1977 முதல் அணி அங்கேதான் பயிற்சி எடுக்கிறது. அரங்கு சிறியது, வீரர்கள் அவசரமில்லாமல் நடக்கிறார்கள்.

விலைக்கு வாங்கும்போது

இறந்தவர்களுக்கும், பதிலே தராத பெரிய பெயர்களுக்கும் வேறு வழியில்லை. 1990களின் இறுதியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை நடத்திய விசாரணையில் பெரும் போலிக் கும்பல்களே பிடிபட்டன. பேஸ்போல் லீக் 2001இல் தொடங்கிய சான்றுத் திட்டத்தில், கையொப்பமிடும்போதே ஒருவர் அருகிலிருந்து பார்த்து, எண்ணுடன் கூடிய ஹொலோகிராம் ஒட்டுவார். அதுதான் உறுதியானது. பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் ஆகிய நிறுவனங்கள் பின்னர் ஆராய்ந்து சான்று தருகின்றன, அவற்றின் எண்ணை அந்தந்தத் தளத்தில் சரிபாருங்கள். விற்பவரே அச்சிட்ட சான்றிதழை நம்ப வேண்டாம்.

தபாலில் வந்ததையும் உற்றுப் பார்க்கத்தான் வேண்டும். பெரிய நட்சத்திரங்களுக்காக உதவியாளர்கள் எழுதுவதும், இயந்திரப் பேனை எழுதுவதும் உண்டு. இரண்டு அட்டைகளின் கையொப்பமும் மயிரிழை பிசகாமல் ஒன்றுபோல் இருந்தால் அது மனிதக் கை அல்ல. குறைவாக ஆடியவர்களிடம் இந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை.

வைத்துக் காத்தல்

அமிலமற்ற மெல்லுறை, ஒன்பது அட்டைகள் பிடிக்கும் கோப்புத் தாள், வெயில் படாத அலுமாரி. கையொப்பமிட்ட எதையும் சன்னலுக்கு எதிரே தொங்கவிடாதீர்கள். நீல மை வெளிறுவது கண்ணுக்குத் தெரியும்போது பாதி போயிருக்கும். ஈரமான நிலவறையும் ஆகாது.

கோப்பில் அட்டைகளைக் கிடைத்த வரிசையில் அடுக்காமல், தொடக்கத்திலேயே முழு அணிக்கும் இடம் ஒதுக்கி, இன்னும் வராதவரின் கட்டத்தில் அவர் பெயர் எழுதிய துண்டுச் சீட்டை வையுங்கள். திறக்கும்போதெல்லாம் அடுத்து யாருக்கு எழுத வேண்டும் என்று அது சொல்லும். என்னுடைய 1992 கோப்பில் மூன்று சீட்டுகள் இன்னும் இருக்கின்றன. இரண்டு பேருக்குக் கடிதம் போய்விட்டது. மூன்றாமவருக்கு ஓர் அட்டையும் அச்சாகவில்லை, ஆகவே இந்த வாரம் அவருடைய படத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.